ஹெரால்டு காரோட பாடிய தூக்கணுமா? தூத்துக்குடி வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: அண்ணாச்சி, வணக்கம். தூத்துக்குடியில இருந்து எழுதுறேன். எங்க அப்பாவோட 1966 ஸ்டாண்டர்டு ஹெரால்டு, ரெண்டு கதவு வண்டி, பல வருஷமா போர்டிகோவுலயே நிக்குது. அப்பா தவறினதுக்கு அப்புறம் யாரும் எடுக்கல. இஞ்சின் கையால சுத்தினா சுத்துது. டிரைவர் சைடு கதவு தொங்குது, தூக்கி தான் சாத்தணும். கால் வைக்கிற எடத்துல மேட்ட எடுத்தா கீழ தரை தெரியுது. மெக்கானிக் ஒருத்தர் "பாடிய சேஸிஸ்ல இருந்து தூக்கி, ஒரு நட்டு விடாம கழட்டி செஞ்சா தான் சரிப்படும்"ங்கிறார். டிங்கர் ஒருத்தர் "எதுக்கு வீண் செலவு, ஓட்டைய அடைச்சு பெயிண்ட் அடிச்சு தர்றேன்"ங்கிறார். நானும் தம்பியும் சேர்ந்து வீட்டுக்குப் பின்னாடி ஷெட்டுல கொஞ்சம் கொஞ்சமா செய்யலாம்னு இருக்கோம், மாசா மாசம் தான் காசு ஒதுக்க முடியும். எவ்ளோ தூரம் கழட்டணும், எங்க நிறுத்தணும்னு சொல்லுங்க.

பதில்: வணக்கம் தங்கச்சி. இப்போதைக்கு பாடிய தூக்காதீங்க. டிங்கர் சொல்ற மாதிரி ஓட்டைய அடைச்சும் விட்டுடாதீங்க. ரெண்டு பேருமே வண்டிய கீழ படுத்து பார்க்காம சொன்ன மாதிரி தான் எனக்குத் தெரியுது, ஏன்னா நீங்க எழுதினதுல கதவு தொங்குதுங்கிறதும் தரை தெரியுதுங்கிறதும் தான் விஷயமே, அது ரெண்டும் ஒரே வியாதியா வேற வேறயான்னு தெரிஞ்சா தான் எவ்ளோ கழட்டணும்ங்கிறது தெரியும்.

மெக்கானிக் ஏன் தூக்கலாம்னு சொன்னார்னு எனக்குப் புரியுது, அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன். ஹெரால்டு அப்படிப்பட்ட வண்டி. பியட்டோ அம்பாசிடரோ இருந்தா இந்தப் பேச்சே வராது, அதுல சேஸிஸ்னு, அதாவது கீழ தாங்குற இரும்புச் சட்டம்னு, தனியா ஒண்ணும் கிடையாது, பாடியே தான் எல்லாத்தையும் தாங்குது. ஹெரால்டுல கீழ தனி சேஸிஸ், மேல பாடி துண்டு துண்டா போல்ட்டுல நிக்குது. 1950கள்ல ஃபிஷர் அண்ட் லட்லோன்னு பாடி செஞ்சு குடுத்துட்டு இருந்த கம்பெனிய போட்டி கார் கம்பெனியான பி.எம்.சி வாங்கிடுச்சு, இங்கிலாந்துல ஹெரால்டு செஞ்ச ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃபுக்கு முழு பாடி செஞ்சு தர ஆள் இல்லாம போச்சு. அதனால தனி சேஸிஸ் போட்டு, பாடிய சின்ன சின்ன பகுதியா வேற வேற எடத்துல செஞ்சு கடைசியில ஒண்ணா முடுக்குற மாதிரி டிசைன் பண்ணாங்க, உருவத்த வரைஞ்சது இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி. 1959ல அங்க வந்துச்சு, 1961ல இருந்து நம்ம மெட்ராஸ்லயே வண்டலூர் பக்கம் செஞ்சாங்க. இப்படி ஒரு வண்டிய பெட்டியில அனுப்பி இன்னொரு நாட்டுல கோர்க்கிறது சுலபம் பாருங்க, அந்த வசதியும் அதுல இருக்கு.

அதனால பானட், முன் வீலுக்கு மேல இருக்கிற டூமோட சேர்ந்து முன்பக்கமா அப்படியே மொத்தமா கவிழும், கொஞ்சம் போல்ட்ட கழட்டினா ரெண்டு பேர் தூக்கி ஓரமா வெச்சிடலாம். மேல கூரை கூட போல்ட்டு தான். கதவுக்குக் கீழ ஓடுற சில் இருக்கு பாருங்க, மத்த வண்டியில அதை வெட்டி தான் எடுக்கணும், இதுல ஸ்க்ரூவும் போல்ட்டும் தான். இவ்ளோ சுலபமா கழண்டு வர்றதப் பார்த்தா யாருக்கும் கை ஊறும், ஒரு ஞாயித்துக்கிழமையில பாதி வண்டி தரையில கிடக்கும். ஆபத்தும் அதே தான். கழட்டுறதுக்கு திறமையே வேண்டாம், திரும்ப மாட்டும்போது கதவு இடைவெளி நாலு பக்கமும் சமமா வர்றதுக்குத் தான் திறமை வேணும்.

சரி, கதவுக்கு வருவோம். கதவ பாதி திறந்து, கைப்பிடி பக்கத்து ஓரத்த ரெண்டு கையால பிடிச்சு மேல தூக்குங்க. தம்பிய கீல் பக்கம் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்க. கீல் பின்னுல டொக்குன்னு ஆட்டம் இருந்து மத்த எதுவும் அசையலன்னா அது வெறும் கீல் தேய்மானம், லேத்துல புது பின்னும் புஷ்ஷும் போட்டா முடிஞ்சுது. கீல்ல ஆட்டமில்லாம, கீல் மாட்டியிருக்கிற தூணே கதவோட சேர்ந்து அசைஞ்சா அங்க உள்ள தகடு போயிருக்கு, அது பெரிய வேலை. ரெண்டும் இல்லாம, கதவ சாத்தி வெச்சுப் பார்த்தா பின் ஓரத்துல மேல இடைவெளி ஒட்டிக்கிட்டு கீழ விரிஞ்சிருந்தா, வண்டியே நடுவுல தொய்ஞ்சிருக்குன்னு அர்த்தம். இதை உறுதி பண்ண சேஸிஸோட சைடுல, டிரைவர் சீட்டுக்கு நேர் கீழ, ஒரு கட்டை வெச்சு ஜாக்கிய மெதுவா ஏத்துங்க, வீல் தரைய விட்டு எழும்ப வேண்டாம், லேசா எடை தாங்கினா போதும். அப்போ கதவு இடைவெளி கண்ணு முன்னாடி மாறினா சேஸிஸ்ல இருந்து ரெக்கை மாதிரி வெளிய நீட்டிக்கிட்டு இருக்கிற அவுட்ரிகர், இல்ல அதோட முனையில முன்னும் பின்னும் ஓடுற சைடு ரெயில், ரெண்டுல ஒண்ணு உளுத்துப் போச்சு. ஹெரால்டுல முதல்ல போறது இதுங்க தான், உங்க ஊர் உப்புக்காத்துக்கு கேட்கவே வேண்டாம்.

இப்போ சில் கவர ரெண்டு பக்கமும் கழட்டுங்க. நான் முதல்ல கழட்டச் சொல்றது இது ஒண்ணு தான். ஸ்க்ரூ வராது, வீணா தலைய மழுங்கடிக்காதீங்க, முதல் நாள் ராத்திரி துரு எண்ணெய் விட்டு ஊற விடுங்க, அப்பவும் வரலன்னா டிரில் போட்டு எடுத்துடுங்க, ஸ்க்ரூ புதுசு வாங்கிக்கலாம். சில் போனதும் சைடு ரெயில் முழுசா தெரியும். கீழ அடிச்சிருக்கிற கருப்பு தார் பூச்சிய நம்பாதீங்க, உள்ள ஒண்ணுமில்லாம பூச்சி மட்டும் உருவத்தப் பிடிச்சு நிக்கிறத நிறைய பார்த்திருக்கேன். அதை சுரண்டிட்டு, பழைய திருப்புளிய எடுத்து நல்லா அழுத்திக் குத்துங்க, மனசு வராம தடவிப் பார்க்கக் கூடாது. டங்குன்னு திருப்பி அடிச்சா இரும்பு இருக்கு, பொத்துன்னு உள்ள போனா இல்ல. குத்தின எடத்த எல்லாம் சாக்பீஸால வட்டம் போட்டு போட்டோ எடுங்க. அவுட்ரிகர் நாலும், டிக்கிக்கு அடியில இருக்கிறதும், முன்னாடி பானட் கீல் மாட்டியிருக்கிற பைப்பும், அப்புறம் முக்கியமா நடுவுல ஓடுற ரெண்டு மெயின் ரெயிலும், அதுலயும் பின்னாடி டிஃபரன்ஷியல் (பின் வீலுக்கு சக்திய பிரிச்சுக் குடுக்கிற கியர் பெட்டி) பக்கத்துல, இதெல்லாம் குத்திப் பாருங்க. மேல பாடியில காந்தத்த மெல்லிசு துணியில சுத்தி ஓட்டிப் பாருங்க, பிடிக்காத எடத்துல தகட்டுக்குப் பதிலா பட்டி தான் இருக்கு.

இந்த சாக்பீஸ் வட்டங்க தான் உங்க கேள்விக்குப் பதில் சொல்லும். வட்டமெல்லாம் அவுட்ரிகர், சைடு ரெயில், ஃப்ளோர் இதோட நின்னுச்சுன்னா பாடிய தூக்க வேண்டிய அவசியமே இல்ல, பாடி சேஸிஸ் மேல இருக்கும்போதே கீழ இருந்து ஒவ்வொண்ணா வெட்டி மாத்திடலாம். சொல்லப் போனா பாடி மேல இருக்கிறது தான் நல்லது, ஏன்னா கதவ சாத்தி சாத்தி இடைவெளிய பார்த்துக்கிட்டே வெல்டு வைக்கலாம், பாடியே உங்களுக்கு அளவு காட்டும். மெயின் ரெயில் பொத்துப் போயிருந்தா, இல்ல ரெயில் மேல பாடி உட்கார்ற எடம் போயிருந்தா, அப்போ மெக்கானிக் சொன்னது தான் சரி, தூக்கியே ஆகணும், மேல் பக்கத்த கீழ இருந்து வெல்டு பண்ண முடியாது. பின்னாடி மட்டும் கொஞ்சம் மெயின் ரெயில் போயிருக்கு, மத்ததெல்லாம் திடமா இருக்குன்னா ரெண்டுக்கும் நடுவுல ஒரு வழி இருக்கு: பாடியோட பின் பாதிய மட்டும் தூக்குறது. முன் பாதி, அதாவது பல்க்ஹெட்டும் (இஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவுல இருக்கிற தகட்டுச் சுவர்) கால் வைக்கிற ஃப்ளோரும் ஒரு துண்டு, பின் பாதி இன்னொரு துண்டு, ரெண்டும் ஃப்ளோர்ல போல்ட்டுல சேருது. பின்னாடி மட்டும் தான் வேலைன்னா முன்னாடி வயரிங், பெடல், ஸ்டீரிங், டேஷ்போர்டு எதையும் தொடாம விட்டுடலாம். இது நிறைய பேருக்குத் தோணுறதில்ல.

எதைக் கழட்டினாலும் அதுக்கு முன்னாடி வண்டிய சமதளமா நிறுத்துங்க, ரசமட்டம் வெச்சு. சேஸிஸுக்குக் கீழ நாலு ஸ்டாண்டு, வெறும் ஜாக்கிய நம்பி யாரும் கீழ போகக் கூடாது, செங்கல் அடுக்கறதும் கூடாது, செங்கல் சொல்லாம கொள்ளாம உடையும். கதவு தூணுக்கும் எதிர் தூணுக்கும் குறுக்க ஒரு இஞ்ச் சதுர பைப்ப ரெண்டு பக்கமும் போல்ட்டோ டேக் வெல்டோ (அங்கங்க பொட்டு மாதிரி வைக்கிற வெல்டு) வெச்சு பூட்டிடுங்க. கதவு இடைவெளி, தூணுக்கு தூண் தூரம், மூலைக்கு மூலை குறுக்களவு எல்லாத்தையும் சுவத்துலயே எழுதி வெச்சிடுங்க, நோட்டு தொலையும், சுவரு தொலையாது. ஒரு நேரத்துல ஒரு பக்கம், ஒரு பக்கத்துலயும் ஒரு அவுட்ரிகர். ரெண்டு பக்கத்தையும் ஒண்ணா வெட்டிட்டா அப்புறம் எது நேர், எது கோணல்னு சொல்ல ஆளில்ல. பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவுல ரப்பரும் தகட்டு துண்டும் வெச்சிருப்பாங்க, ஒரு எடத்துல ஒண்ணு, ஒரு எடத்துல மூணு, அது கண்ட மேனிக்கு வெச்சது இல்ல, இடைவெளி சரி பண்ண ஃபேக்டரியில வெச்சது. எந்த போல்ட்டுல எத்தனைன்னு எழுதாம ஒண்ணைக் கூட எடுக்காதீங்க.

டிங்கர்கிட்ட ஒண்ணு கண்டிப்பா சொல்லிடுங்க: பழைய ஃப்ளோர் மேலயே புதுத் தகட்ட வெச்சு ஒட்டக் கூடாது. அது ரெண்டு தகட்டுக்கும் நடுவுல தண்ணிய வெச்சுப் பூட்டுற வேலை. நல்ல இரும்பு வர்ற வரைக்கும் வெட்டிட்டு, அங்க தான் ஜாயிண்ட் போடணும். ஃப்ளோருக்கு 20 கேஜ் தகடு போதும், அவுட்ரிகருக்கு 16. மிக் வெல்டிங் இருந்தா நல்லது, கேஸ் வெல்டிங்ல மெல்லிசு தகடு சூட்டுல நெளிஞ்சு போகும். வெல்டிங் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பேட்டரிய எடுத்துடுங்க, டிக்கிக்குள்ள இருக்கிற பெட்ரோல் டேங்க வண்டிய விட்டே எடுத்து வெளிய கொண்டு போய் வைங்க. "பல வருஷமா காலி டேங்கு தானே"ன்னு நினைக்காதீங்க, காலி டேங்க்ல இருக்கிற ஆவி தான் வெடிக்கும்.

அடுத்தது, எதைக் கழட்டவே கூடாதுங்கிறது. இதுக்கு நான் வெச்சிருக்கிற கணக்கு ரொம்ப சிம்பிள்: அந்தப் பொருள் உடைஞ்சா திரும்ப கிடைக்குமா? கிடைக்கும்னா தைரியமா கழட்டுங்க, கிடைக்காதுன்னா துரு அதுக்கு அடியில போயிருக்குன்னு உறுதியா தெரியுற வரைக்கும் கை வைக்காதீங்க. ஹெரால்டுக்கு பிரேக் ரப்பர், சஸ்பென்ஷன் பொருள், கதவு ரப்பர் மாதிரி நிறைய இங்கிலாந்துல இன்னும் புதுசா செய்யுறாங்க, தபால்ல வரவழைக்கலாம். ஆனா நம்ம ஊர்ல மட்டும் செஞ்ச எழுத்து, கிரில், சில பீடிங் எல்லாம் எங்கயும் செய்யல, சென்னை புதுப்பேட்டையில அதிர்ஷ்டம் இருந்தா பழசு கிடைக்கும், இல்லன்னா இல்ல. முன் கண்ணாடி நல்லா இருந்தா அதை பெயிண்டுக்காக எடுக்காதீங்க. எடுத்தே ஆகணும்னா, புது ரப்பர் கைக்கு வந்து, பழசோட பக்கத்துல வெச்சு ஒரே அச்சுன்னு பார்த்த பிறகு, பழைய ரப்பர பிளேடால அறுத்து எடுங்க. ரப்பர காப்பாத்தணும்னு திருப்புளி போட்டு நெம்பினா கண்ணாடி போயிடும்.

கதவு உள் பக்கத்து அட்டை, டேஷ்போர்டு, கூரைத் துணி இதெல்லாம் அப்பா தொட்டது, உட்கார்ந்தது. கிழிஞ்சிருந்தா தைக்கலாம், அழுக்கா இருந்தா துடைக்கலாம். ஃபீவான்னு பழைய வண்டிக்காரங்களோட உலக அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க டூரின் சார்ட்டர்னு ஒண்ணு எழுதி வெச்சிருக்காங்க, அதோட சாரமே முதல்ல இருக்கிறத காப்பாத்து, மாத்துறத கடைசியா வெச்சுக்கோன்னு தான். போட்டிக்கு நிறுத்துற வண்டி இல்ல உங்களோடது, ஆனாலும் யோசனை நல்ல யோசனை.

வயரிங்கும் இதே கணக்குல தான் வருது. முழு ஹார்னஸையும், அதாவது வயர் கட்டையும், உருவி எடுக்கிறது சுலபம், திரும்ப மாட்டுறதுல ஆள் சாவான். முன்னாடி ஹெட்லைட் பக்கத்துல ஒரு வயர மெதுவா வளைச்சுப் பாருங்க, மேல் உறை விரிசல் விட்டு பொடியா உதிர்ந்தா மாத்தணும். வளைஞ்சுதுன்னா விட்டுட்டு, முனைகள மட்டும் சுத்தம் பண்ணி, எர்த் போல்ட்டையெல்லாம் பளபளன்னு தேய்ச்சு திரும்ப முடுக்குங்க, பழைய வண்டியில பாதி கரண்டு கோளாறு எர்த் கோளாறு தான். மாத்துறதா இருந்தாலும் பழசு எடத்துலயே இருக்கட்டும், புதுச அதுக்குப் பக்கத்துலயே ஓட்டி ஒவ்வொண்ணா மாத்துங்க. லூகாஸ்ங்கிற கரண்டு சாமான் கம்பெனியோட வயர் கலர் முறை தெரிஞ்சுக்கிட்டா பயம் போயிடும்: பிரவுன் பேட்டரியில இருந்து நேரா வர்றது, வெள்ளை சாவி போட்டா வர்றது, பச்சை அது ஃபியூஸ் தாண்டி வர்றது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் லைட், கருப்பு எர்த்.

இஞ்சின் சுத்துதுன்னு எழுதியிருக்கீங்க, ரொம்ப நல்லது, அதனாலயே அதை பிரிக்காதீங்க. "இவ்ளோ தூரம் வந்துட்டோம், இதையும் பிரிச்சு பார்த்துடலாம்"னு ஒரு குரல் வரும், மெக்கானிக் வாயில இருந்து வரும், இல்லன்னா தம்பி வாயில இருந்து. அந்த 948 சி.சி இஞ்சின் ஒண்ணும் பெரிய ரகசியமில்ல, பானட் முழுசா கவிழுறதால வண்டியில இருக்கும்போதே மூணு பக்கமும் கை போகும். பிளக் நாலையும் எடுத்துட்டு ஒவ்வொரு ஓட்டையிலயும் ஒரு ஸ்பூன் இஞ்சின் ஆயில் விட்டு ரெண்டு மூணு நாள் ஊற விடுங்க, அப்புறம் கையால சுத்துங்க, பழைய ஆயில வடிச்சு புதுசு ஊத்துங்க, பெட்ரோல் லைன பிரிச்சு சுத்தம் பண்ணுங்க, அதுக்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணிப் பாருங்க. ஓடினா கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள வர்ற அழுத்தம்) பாருங்க, நாலு சிலிண்டரும் கிட்டத்தட்ட ஒரே அளவுல இருக்கணும். ஒண்ணு மட்டும் குறைஞ்சா அதுல ஆயில் விட்டு திரும்ப பாருங்க, ஏறினா பிஸ்டன் ரிங்கு, ஏறலன்னா வால்வு, வால்வுன்னா ஹெட்ட மட்டும் கழட்டினா போதும். இன்னொரு சோதனை இருக்கு, இதை மெக்கானிக்கே சில பேர் விட்டுடுவாங்க: தம்பிய கிளட்ச மிதிச்சு மிதிச்சு விடச் சொல்லிட்டு நீங்க முன்னாடி கிராங்க் புல்லிய உத்துப் பாருங்க. கண்ணுக்குத் தெரியுற மாதிரி புல்லி முன்னும் பின்னும் நகர்ந்தா கிராங்க் முன்னும் பின்னும் நகராம தடுக்குற த்ரஸ்ட் வாஷர் தேஞ்சிருக்கு, இந்த இஞ்சின் குடும்பத்துக்கே உள்ள கோளாறு அது, அப்படியே ஓட்டினா வாஷர் கீழ விழுந்து கிராங்க்கும் பிளாக்கும் போயிடும். அது இருந்தா மட்டும் இஞ்சினுக்கு அடியில இருக்கிற ஆயில் தொட்டிய, அதான் சம்ப, கழட்டுங்க. கியர்பாக்ஸ் எடுக்கணும்னாலும் இஞ்சின இறக்க வேண்டியதில்ல, வண்டிக்குள்ள நடுவுல இருக்கிற கவர எடுத்தா உள்பக்கமாவே வெளிய வந்துடும்.

இவ்ளோ நேரம் கழட்டாதீங்க கழட்டாதீங்கன்னு சொன்னேன், இப்போ நேர் எதிரா சொல்றேன். வண்டி நிக்கிறதுக்கும் திரும்புறதுக்கும் உண்டானத ஒண்ணு விடாம கழட்டணும், பார்க்க நல்லா இருந்தாலும் சரி. பிரேக் முழுசா: மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ், இரும்பு பைப் எல்லாம். அந்த காலத்து வண்டி, ஒரே மாஸ்டர், ஒரே லைன், ஒரு எடத்துல ஒழுகினா நாலு வீலுக்கும் பிரேக் போச்சு. இத்தனை வருஷம் நின்ன ரப்பர் பெடல மிதிச்சா முதல் நாள் பிடிக்கும், மூணாவது நாள் விட்டுடும்.

அதை விட முக்கியம் முன் சஸ்பென்ஷன்ல கீழ இருக்கிற ட்ரன்னியன். வீல் தாங்குற செங்குத்து இரும்போட கீழ் முனையில மரை இருக்கும், அது ஒரு பித்தளைக் கட்டிக்குள்ள சுத்தும், நீங்க ஸ்டீரிங் திருப்பும்போதெல்லாம் அந்த மரை தான் திரும்புது. அதுக்கு கிரீஸ் அடிக்கக் கூடாது, 90 நம்பர் கியர் ஆயில் தான் விடணும். ஆனா நிப்பிள பார்த்ததும் எல்லா பட்டறையிலயும் கிரீஸ் கன்ன வெச்சு அடிச்சிருப்பாங்க, கிரீஸ் உள்ள கெட்டிப் பட்டு, மரைக்கு எண்ணெய் போகாம, தண்ணி மட்டும் போய், மரையோட அடியில துரு தின்னுடும். வெளிய பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் வண்டிய திருப்பும்போது இரும்பு முறிஞ்சு வீல் அப்படியே உள்ள மடிஞ்சுக்கும். அதனால ரெண்டு பக்கமும் கழட்டி, மண்ணெண்ணெய்ல கழுவி, மரைய விரல் நகத்தால தடவிப் பாருங்க, குழி தட்டுப்பட்டா அந்த இரும்பு வேண்டாம், புதுசு வாங்குங்க. வலது இடது மாத்திடாதீங்க, ரெண்டுக்கும் மரை எதிர் எதிர். பின்னாடி குறுக்க படுத்திருக்கிற பட்டை ஸ்பிரிங் மட்டும் நீங்களா கழட்ட வேண்டாம், அது அழுத்தத்துல நிக்குது, தெரிஞ்ச ஆள வெச்சு செய்ங்க.

பெயிண்டுக்கு வர்றேன், இங்க தான் நிறைய பேர் தெரியாமலே முழு வண்டியையும் கழட்டிடுறாங்க. கலர மாத்தினீங்கன்னா இஞ்சின் ரூம், கதவு இடுக்கு, டிக்கி உள்பக்கம், டேஷ்போர்டுக்கு அடியில எல்லாம் புதுக் கலர் அடிச்சாகணும், இல்லன்னா கதவ திறந்தா பழைய கலர் பல்ல இளிக்கும், அதுக்கு வயரிங்ல இருந்து கண்ணாடி வரைக்கும் எல்லாம் வெளிய வரணும். அதே கலர்ல அடிச்சா வெளிப்பக்கத்தோட நிறுத்திக்கலாம். அப்பா வண்டியோட கலரே இருக்கட்டும், ஆர்.சி புக்லயும் கலர் மாத்த அலைய வேண்டாம். பழைய பெயிண்ட எடுக்க மணல் அடிக்கிறது சேஸிஸுக்கு மட்டும், மெல்லிசு பாடித் தகட்டுல அடிச்சா நெளியும், அங்க பெயிண்ட் ரிமூவர் தான். உங்க ஊர்ல வெறும் தகட்ட ஒரு ராத்திரி விட்டா காலையில செம்மண் நிறத்துல நிக்கும், சுரண்டின எடத்துக்கு அன்னிக்கே துருவ தடுக்குற எபாக்ஸி பிரைமர் போட்டுடணும், அதனால ஒரு நாள்ல முடிக்க முடியுற அளவுக்கு மட்டும் சுரண்டுங்க.

ஆர்.சின்னதும் ஞாபகம் வருது. சேஸிஸ் நம்பர் அடிச்சிருக்கிற எடத்தையோ பிளேட்டையோ எந்தக் காரணத்துக்கும் வெட்டவோ கிரைண்டர் போடவோ விடாதீங்க, வேலைக்கு முன்னாடியே பென்சில்ல தேய்ச்சு ஒரு பிரதி எடுத்து வைங்க. 2021ல மத்திய அரசு 50 வருஷம் தாண்டின வண்டிங்களுக்கு விண்டேஜ் பதிவுன்னு ஒரு விதி கொண்டு வந்துச்சு, அதுல சேஸிஸ், பாடி ஷெல், இஞ்சின்ல பெரிய மாற்றம் பண்ணியிருக்கக் கூடாதுன்னு இருக்கு. அந்தப் பதிவுல தினசரி ஓட்ட முடியாது, கண்காட்சி, ராலி மாதிரி விஷயத்துக்கு தான், அதனால உங்களுக்கு அது வேணுமா இல்ல சாதாரண பதிவையே புதுப்பிக்கணுமான்னு ஆர்.டி.ஓ ஆபீஸ்ல முதல்லயே கேட்டுடுங்க. ஆர்.சி காலாவதி ஆகியிருந்தா, அப்பா பேர்ல இருந்து உங்க பேருக்கு மாத்துறது உட்பட அந்த வேலைய வண்டி வேலைக்கு முன்னாடி ஆரம்பிங்க.

எங்க ஷெட்டுக்கு ஒரு பியட் வந்துச்சு, வண்டி தனியா லாரியில, மத்ததெல்லாம் உரச் சாக்குல. சாக்க கொட்டினா நட்டும் போல்ட்டும் குவியலா கிடக்கு, எது எங்கன்னு அதைக் கழட்டின ஆளுக்கே தெரியல, ஏன்னா கழட்டினது ஒருத்தர், நடுவுல விட்டுட்டுப் போய் இன்னொருத்தர் வந்திருக்கார். அந்த வீட்டுக்காரர் கடைசியில அதை எடைக்குப் போட்டார், வண்டியில துருன்னு பெருசா ஒண்ணும் இல்ல. மாசா மாசம் காசு ஒதுக்கிச் செய்யுறவங்களுக்கு இது தான் பெரிய பயம், துரு இல்ல. அதனால ஒரு பகுதிய கழட்டினா அதை செஞ்சு, திரும்ப மாட்டி, கதவ சாத்திப் பார்த்துட்டு தான் அடுத்ததுல கை வைக்கணும். கழட்டின போல்ட்ட முடிஞ்ச வரைக்கும் அது வந்த ஓட்டையிலயே விரலால முடுக்கி வைங்க. முடியாதத ஜிப் கவர்ல போட்டு பேர் எழுதுங்க, மார்க்கர் டீசல் பட்டா அழிஞ்சிடும், அதனால சீட்டு எழுதி கவருக்கு உள்ளயே போடுங்க. கழட்டும்போது தம்பி போன்ல வீடியோ எடுத்துக்கிட்டே வாயால சொல்லட்டும், "இது டிரைவர் சைடு, முன் அவுட்ரிகர், ரெண்டு தகட்டு துண்டு இருக்கு"ன்னு. எடுத்துக்கிட்டே பேசினது தான் அடுத்த வருஷம் உதவும், வெறும் போட்டோவுல எது மேல எது கீழன்னு தெரியாது.

வண்டி எப்பவும் நாலு வீல்ல தள்ளுற நிலைமையில இருக்கணும்ங்கிறத ஒரு கட்டுப்பாடா வெச்சுக்கோங்க. மழை வந்தா உள்ள தள்ளணும், வெல்டருக்கு வெளிய தள்ளணும், ஒரு வேளை பட்டறைக்கே கொண்டு போகணும்னாலும் தள்ளி ஏத்தணும். சஸ்பென்ஷன் வேலை நடக்கிறப்ப மட்டும் தான் இதுக்கு விதிவிலக்கு, அதையும் ஒரு ஓரம் முடிச்சுட்டு அடுத்த ஓரம்.

மெக்கானிக்கையும் டிங்கரையும் பகைச்சுக்காதீங்க, ரெண்டு பேரும் வேணும். சாக்பீஸ் வட்டத்த காட்டிட்டு, "இந்த இந்த எடம், இவ்ளோ தான், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா கூலி சொல்லுங்க"ன்னு கேளுங்க. மொத்தமா ஒரு தொகை பேசினா அவங்களுக்கும் நஷ்டம் உங்களுக்கும் நஷ்டம், பாதியில நிக்கும்.

இந்த வாரம் மேட்டெல்லாம் எடுத்து வெயில்ல போட்டுட்டு, சில் கவர் ரெண்டையும் கழட்டி, கதவையும் ஜாக்கியையும் வெச்சு நான் சொன்ன சோதனைய பண்ணிடுங்க. டிரைவர் சைடு சைடு ரெயில், அவுட்ரிகர் நாலு, டிஃபரன்ஷியல் பக்கத்து மெயின் ரெயில் ரெண்டு பக்கமும், இந்த போட்டோங்கள வட்டத்தோட அனுப்புங்க. மெயின் ரெயில் போட்டோவ மட்டும் கிட்டத்துல, டார்ச் வெளிச்சத்துல எடுங்க, தூக்குறதா வேண்டாமாங்கிறது அதுல தான் இருக்கு.